படம், பாடம், பட்டம்

தமிழ் கற்பிக்க இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை இப்போது ஏராளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பாடங்கள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் கதைகள், தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களின் பிடிஎஃப், தமிழ் விக்சனரி என்னும் இணைய அகராதி என்று நீண்டுகொண்டே போகும். மொரிசியஸில் ஒரு தமிழ் வகுப்புக்கு இவற்றை எடுக்கும்போது முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்காக எழுதப்பட்டது. அந்தக் குழந்தைக்குச் சொல் தெரியும், எழுத்துதான் புதிது. நம் மொரிசியஸ் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. கோவில், காவடி போன்ற சில சொற்களைத் தவிர, எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. அதனால் அங்கிருந்து பாட்டையும் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், பாட வரிசையை எடுக்காதீர்கள். வரிசைக்கு மொரிசியஸிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துப் பாடநூலை வைத்துக்கொள்வதே நல்லது.

எங்கே தடுக்கும் என்பதற்கு மூன்று சொற்கள் போதும்: படம், பாடம், பட்டம். கிரியோலும் பிரெஞ்சும் பழகிய காதுக்குக் குறிலும் நெடிலும் ஒன்றாகவே கேட்கும், படமும் பாடமும் கலந்துவிடும். அடுத்தது ட. 'படம்' என்னும்போது மெலிந்தும் 'பட்டம்' என்னும்போது வலித்தும் ஒலிக்கிறது. ஒரே எழுத்துக்கு ஏன் இரண்டு ஒலி என்று பிள்ளை குழம்பும். இரட்டித்தால் வலிக்கும், இரண்டு உயிருக்கு நடுவே தனியே வந்தால் மெலியும் என்று சொல்லி, கைதட்டிக் காட்டுங்கள். 'பாடம்' என்றால் 'பா'வுக்கு இரண்டு தட்டு. 'பட்டம்' என்றால் நடுவில் ஒரு சிறு நிறுத்தம். ர வேறு தொல்லை. பிரெஞ்சு வழக்கப்படி தொண்டையிலிருந்து வரும், நாக்கு நுனியை மேலண்ணத்துக்குக் கொண்டுவரப் பல வாரம் பிடிக்கும். ழ, ள, ல வேறுபாட்டை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். முதல் மாதமே எல்லாவற்றையும் திருத்தப் போனால் பிள்ளை வாயையே திறக்காது.

இதற்குக் காணொளியைவிட ஆசிரியரின் குரலே மேல். கைபேசியில் 60 நொடிக்கு மேற்படாமல் பதிவு செய்யுங்கள். மூன்று சொல்லையும் இரண்டிரண்டு முறை சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பிறகு பிள்ளை திருப்பிச் சொல்ல மூன்று நொடி இடம் விடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்) நொடிக்கு 32 கிலோபிட் என்று வைத்தால் ஒரு நிமிடம் 240 கிலோபைட்டில் அடங்கும். டேட்டா குறைவான கைபேசியிலும் இறங்கிவிடும். கோப்புப் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். மலிவான ஒலிக்கருவிகள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும், எண் மட்டும் தப்பிக்கும்.

பிள்ளை 20 நொடி ஒலிப்பதிவாகப் பதில் அனுப்பட்டும். 22 பிள்ளைகள் என்றால் கேட்க எட்டு நிமிடம்கூட ஆகாது. ஒருவருக்கு ஒரு பிழை மட்டும் குறித்து, பெயர் சொல்லிப் பதில் அனுப்புங்கள். "எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள்" என்று குழுவில் போடுவதால் யாருக்கும் பயனில்லை.

படிக்கக் கொடுப்பதற்கு ஸ்டோரிவீவர் மிகவும் நல்லது. கதைகள் நான்கு நிலைகளாக இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு வயதைப் பார்க்காமல் முதல் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். அச்சிடும்போது பக்கத்துக்கு நான்கு என்று வைத்து இருபுறமும் எடுத்தால் 12 பக்கக் கதை இரண்டு ஏ4 தாளில் முடிந்துவிடும். வெள்ளைப் பின்னணியுள்ள கதையாகப் பாருங்கள், இருண்ட படங்கள் கறுப்பு வெள்ளையில் மையாகிப்போய் எழுத்தே தெரியாது. எழுதியவர், வரைந்தவர் பெயரும் உரிம வரியும் உள்ள பக்கத்தை வெட்டிவிடாதீர்கள். அந்தப் பெயர்களைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இதை நகலெடுக்க அனுமதி தந்திருக்கிறார்கள். இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் இந்த அனுமதி உண்டு என்று எண்ண வேண்டாம்.

பயிற்சித்தாளை வேர்டு கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள். பழைய கைபேசிகளில் 'கொ' மூன்று துண்டாகச் சிதறி நிற்கும், எழுத்துப் பழகும் பிள்ளை அதையே சரியென்று மனத்தில் பதித்துக்கொள்ளும். விக்சனரியில் தேடும்போது இன்னொரு சிக்கல். ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டாகத் தட்டினால் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் தேடல் 'ஔவை'யைக் காட்டாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டில் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கேள்விக்கு விடை எழுதிவையுங்கள். கைபேசி யாருடையது? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? வைஃபையா, டேட்டாவா? தமிழ் பேசத் தெரிந்த தாத்தா பாட்டி இருக்கிறார்களா? அம்மாவின் கைபேசி மாலை ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வரும் என்று தெரிந்தால், நான்கு மணிக்குப் பாடம் அனுப்பி ஐந்து மணிக்கு விடை கேட்க மாட்டோம். பாட்டிக்கு எழுதத் தெரியாவிட்டாலும் 'பட்டம்' சரியா தவறா என்று காதால் சொல்லிவிடுவார், அவரிடம் அந்த வேலையைக் கேட்டு ஒப்படையுங்கள். கைபேசியே இல்லாத பிள்ளைக்கு அதே கதையின் அச்சுத்தாளை வெள்ளிக்கிழமையே கையில் கொடுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்து பள்ளி மூடி, மின்சாரமும் போனால் மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தத் தாள்தான் உதவும், அதனால் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஒலிப்பதிவைக் கைபேசி இல்லாத அந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலை, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, உங்கள் கைபேசியில் கேட்டு அங்கேயே திருப்பிச் சொல்லட்டும். மற்ற 21 பேருடைய பதில்களோடு அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.