விரிசல் எப்போது விழுந்தது?

வெட்டுக் கருவி தயாரிப்பிலேயே விரிசல் விட்டால் பழி முதலில் விழுவது, அதை உலையில் சூடேற்றிக் கடினப்படுத்தும் உலைக்காரர் தலையில்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. விரிசலைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். இரு ஓரங்களிலும் கார்பன் இழந்த மென்மையான படலம் இருந்தால், உலைக்குள் போகும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. உருக்கு வாங்கிய இடத்தில் போய்ச் சண்டை போடலாம். படலம் இல்லாமல் விரிசலின் உள்முகம் மட்டும் நீலமாகவோ கருப்பாகவோ இருந்தால், பெரும்பாலும் குளிர்விக்கும்போது விரிந்து, பிறகு டெம்பரிங் சூட்டில் (நொறுங்குதன்மை குறைய மறுபடி மிதமாகச் சூடேற்றுவது) நிறம் ஏறியது.

மேற்பரப்பில் வலைபோல மெல்லிய கோடுகளா? சாணை பிடிக்கும்போது ஏறிய சூடு. ஆனால் சாணைக்காரரை மட்டும் திட்டாதீர்கள். அதிவேக எஃகை (வேகமாக வெட்டும் கருவிகளுக்கான எஃகு) சுமார் 1200 டிகிரியில் கடினப்படுத்திய பின், 550 டிகிரியை ஒட்டி இரண்டு மூன்று முறை டெம்பர் செய்வது சடங்குக்காக அல்ல. ஒவ்வொரு முறை ஆறும்போதும் மிச்சமிருக்கும் ஆஸ்டனைட் (உயர்சூட்டில் எஃகு எடுக்கும் உள்ளமைப்பு) புதிதாக, கடினமான ஆனால் நொறுங்கும் மார்ட்டென்சைட் என்ற அமைப்பாக மாறுகிறது. அதைப் பதப்படுத்தத்தான் அடுத்த சுற்று. நேரம் மிச்சம் என்று அதை விட்டால், லேசான சாணைக்கே விரிசல் விழும்.

கருவியின் எண்ணை ஆழமாகக் குத்திய இடத்திலிருந்தே விரிசல் புறப்படுவதும் உண்டு. அதை மட்டும் யாரும் சந்தேகிப்பதே இல்லை!