மாட்டுக்கு டிபி என்றால், எந்த டிபி?

மாட்டுக்கு டிபி என்று மாட்டு டாக்டர் சொன்னதும் நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி, பாலைக் குடிக்கலாமா கூடாதா என்பதுதான். நியாயமான கேள்வி. பால் பொங்கிக் கொதித்தால் கிருமி செத்துப்போகும் (72 டிகிரியில் 15 வினாடி நின்றாலே போதும்), அதற்காக நோய் உறுதியான மாட்டின் பாலை சொசைட்டியில் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. சரி. ஆனால் பேச்சு அதோடு முடிந்துபோகிறது. மாட்டுக்குள் இருப்பது எந்தக் கிருமி என்று யாருமே கேட்பதில்லை, அதைக் கேட்டே ஆகவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

மன்னார்குடி பக்கம் என் அத்தை வீட்டில் மாமாவுக்கு டிபி வந்து, மருந்து முழுக்கச் சாப்பிட்டு குணமானார். அதற்குப் பிறகு அவர்கள் கறவையில் ஒன்று, ஜெர்சி கலப்பு, தீனி தின்றும் இளைத்துக்கொண்டே போனது, விடியற்காலையில் இருமியது. ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டில் சேறாகிவிடும் என்று மாட்டை வீட்டை ஒட்டிய சாய்ப்பில்தான் கட்டுவார்கள், மாமாவின் கட்டிலும் அங்கேதான். தோல் சோதனையில் மாட்டுக்கு பாசிட்டிவ். நான் மைக்ரோபயாலஜி படித்தவன் என்பதால் அத்தை என்னைத்தான் கேட்டார்: "ஏம்ப்பா, மாட்டுகிட்டேருந்து அவருக்கு வந்துச்சா, அவருகிட்டேருந்து மாட்டுக்குப் போச்சா?"

இதைவிடச் சரியான கேள்வியை எந்த ஆராய்ச்சிக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. பதில் சொல்ல முடியவில்லை. மாமாவின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், எந்த வகை என்று பார்க்கவில்லை. மாட்டிலும் அதே கதைதான்.

டிபி கிருமி என்பது ஒரே கிருமி இல்லை, ஒரு குடும்பம். மனிதர்களிடம் பெரும்பாலும் இருப்பது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். மாட்டு டிபி என்று பாடப்புத்தகம் சொல்வது மைக்கோபாக்டீரியம் போவிஸ். மூன்றாவதாக ஆரிஜிஸ் என்று ஒன்று, ஓரிக்ஸ் மான்களில் கிடைத்ததால் அந்தப் பெயர், தனி வகையாக அதை அங்கீகரித்ததே 2012-இல்தான். மரபணு அளவில் இவை 99 சதவீதத்துக்கும் மேல் ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் பிரித்துப் பார்ப்பது இவ்வளவு பாடு. 1882-இல் டிபி கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கே, 1901-இல் லண்டன் மாநாட்டில், மாட்டு டிபியால் மனிதனுக்குப் பெரிய ஆபத்தில்லை என்று பேசினார். அது தவறு என்று நிலைநாட்ட பிரிட்டனில் ஒரு ஆணையம் 10 ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது.

தோல் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழித்து, தோலை மடித்துப் பிடித்து அளவுமானியில் தடிப்பை அளந்து குறித்துக்கொண்டு, ஒன்றில் மாட்டு டியூபர்குலினும் (மாட்டு டிபி கிருமியிலிருந்து எடுத்த புரதச் சாறு) இன்னொன்றில் பறவை டியூபர்குலினும் (பறவை டிபி கிருமியின் சாறு) 0.1 மில்லி தோலுக்குள் போடுவார்கள். 72 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். மாட்டுப் பக்கத்து வீக்கம் பறவைப் பக்கத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் பாசிட்டிவ். பறவை டியூபர்குலின் எதற்கென்றால், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற வேறு மைக்கோபாக்டீரியங்களுக்கும் மாட்டுத் தோல் வீங்கும், அதைக் கழித்துப் பார்க்கத்தான். ஆனால் இந்தச் சோதனை குடும்பத்தின் பெயரை மட்டும்தான் சொல்லும். மனித டிபி ஏறிய மாடும் வீக்கம் காட்டும், போவிஸ் மாடும் காட்டும், ஆரிஜிஸ் மாடும் காட்டும்.

ஆளைப் பிரிக்க வேண்டுமென்றால் கிருமியையே வளர்த்து எடுக்கவேண்டும், ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இங்கேயே ஒரு சிக்கல்: பல ஆய்வகங்களில் மனித டிபிக்காக வைத்திருப்பது கிளிசரால் கலந்த முட்டை ஊடகம் (கிருமியை வளர்க்கப் போடும் தீனி). போவிஸுக்கு கிளிசரால் ஒத்துவராது, பைருவேட் வேண்டும். வெறும் கிளிசரால் குப்பியில் மட்டும் போட்டுவிட்டு, போவிஸ் வளரவில்லை, ஆகவே போவிஸ் இல்லை என்று எழுதினால் அந்த முடிவை நான் நம்ப மாட்டேன்.

வளர்ந்த பிறகு பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட துண்டு இருக்கிறதா என்று பெருக்கிப் பார்க்கும் சோதனை. இந்தக் குடும்பத்துக் கிருமிகள் காலப்போக்கில் டி.என்.ஏ.வில் சில துண்டுகளைத் தொலைத்திருக்கின்றன, யார் எதைத் தொலைத்தார் என்பதுதான் அடையாளம். ஆர்.டி.9 என்ற துண்டு இருந்தால் டியூபர்குலோசிஸ். ஆர்.டி.9-உம் ஆர்.டி.4-உம் இல்லையென்றால் போவிஸ். 9 இல்லாமல் 4 மட்டும் இருந்தால் ஆரிஜிஸ் என்று சந்தேகப்பட்டு இன்னும் ஓரிரண்டு துண்டுகளைப் பார்த்து உறுதி செய்யவேண்டும். அதற்கு மேல் ஸ்பாலிகோடைப்பிங், 1997-இல் வந்த முறை: கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரே இடத்தில் வரிசையாக வரும் 43 சிறு துண்டுகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று சவ்வில் கறுப்பும் வெறுமையுமாகப் பதியும். போவிஸ் என்றால் கடைசி ஐந்து, 39 முதல் 43 வரை, காலி, முன்னால் 3, 9, 16-உம் காலி. பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரியும். தென்னிந்திய மனிதர்களிடம் அதிகம் காணப்படும் டியூபர்குலோசிஸ் வகைக்கு வேறு வரிசை. அந்த வரிசை ஒரு மாட்டில் கிடைத்தால், அது மனிதனிடமிருந்து போனது என்று ஏறக்குறைய அடித்தே சொல்லலாம்.

முழு மரபணுவையும், சுமார் 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளை, படித்துவிட்டால் இரண்டு கிருமிகள் எவ்வளவு நெருங்கிய உறவு என்றும் தெரியும். ஆனால் இந்தக் கிருமி ரொம்ப மெதுவாக மாறும், இரண்டு ஆண்டுக்கு ஒரு எழுத்து என்கிற கணக்கு. அதனால் மாட்டுக்கும் மனிதனுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல முடியும்போதுகூட யாரிடமிருந்து யாருக்கு என்பது பல நேரம் பிடிபடாது.

நம் நாட்டில் பார்த்தவரை என்ன கிடைத்தது? வேலூரில் மனித நோயாளிகளிடமிருந்து வளர்த்த 940 மாதிரிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். ஆரிஜிஸ் 7 பேரிடம் இருந்தது. போவிஸை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய பி.சி.ஜி. தடுப்பூசி வகையைத் தவிர போவிஸ் ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் ஒரு மாட்டிலிருந்து எடுத்த ஆரிஜிஸின் முழு மரபணு வெளியானது. அப்படியென்றால் போவிஸை மட்டும் தேடி, இல்லை என்று நிம்மதியடைவது நமக்குப் பொருந்தாது. டெல்டாவில் மாடு இல்லாத தெரு கிடையாது, உம்பளாச்சேரி மாடு பிறந்த மண் இது, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இங்கே எது சுற்றுகிறது என்பதை இங்கேயே எடுத்துப் பார்க்கவேண்டும்.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: மருந்து. டிபிக்கு முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்தில் பைரசினமைடு ஒன்று. அது போவிஸிடம் வேலை செய்யாது, அதன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதால் பிறவியிலேயே அந்த மருந்துக்கு மசியாது. ஆரிஜிஸ் மசியும். சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. மாடு வைத்திருப்பவருக்குக் கழுத்தில் நெறி கட்டி டிபி என்று வந்தால், வீட்டில் மாடு இருக்கிறது என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கோயிலில் அபிஷேகப் பாலைக் கையில் வாங்கிக் குடிப்பதும் காய்ச்சாத பாலைக் குடிப்பதுதான், வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ச்சிக் குடிக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

மாட்டை என்ன செய்வது என்பதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கும் விஷயம். பிரிட்டன் மாதிரி பாசிட்டிவ் மாட்டைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டு பணம் கொடுக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. கடன் போட்டு வாங்கிய மாடு, ஆகவே தரகர் கைமாற்றி, சந்தை வழியாக இன்னொரு கொட்டிலுக்குப் போய்விடுகிறது. அத்தை விற்கவில்லை, தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் மாடு வைத்திருப்பவர்களும் கால்நடை மருந்தகத்தில் இருப்பவர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்ட மாடு செத்தால் அப்படியே புதைத்துவிடாமல் டாக்டரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களாக அறுக்கவேண்டாம். தொண்டைக்குப் பின்னாலும் நெஞ்சுக்குள்ளும் இருக்கிற நெறிகளை வெட்டினால் மஞ்சளாகக் கட்டி இருக்கும், சுண்ணாம்பு ஏறியதால் கத்தி நறநறக்கும். அந்தத் துண்டை வழக்கம்போல ஃபார்மலினில் (சதை அழுகாமல் வைக்கும் திரவம்) முழுக்கப் போட்டுவிடுகிறார்கள், கிருமி அங்கேயே செத்துவிடுகிறது, பிறகு எதையும் வளர்க்க முடியாது. பாதியை ஃபார்மலினில் போடுங்கள். மீதிப் பாதியைச் சுத்தமான டப்பாவில் இறுக்க மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், வகை பார்க்கவேண்டும் என்று சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.