மிஸ், ஒரு துண்டு எழுதித் தாங்க

2021 மே மாதத்தில், கொரோனாவால் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை இருந்தபோது, ஆட்களின் பயணத்துக்காக நான் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் சாவைப் பற்றியவை. மீதியில் ஆஸ்பத்திரி, பிரசவம், கிளினிக். கல்யாணம் என்று ஒருவர்கூட வரவில்லை. வந்தாலும் கொடுத்திருக்க முடியாது.

நான் கிராம உத்தியோகத்தர். நியமனக் கடிதத்தில்தான் அந்தப் பெயர், தேயிலைத் தோட்டத்தில் ஜீ.எஸ். மிஸ் (ஜீ.எஸ். என்றால் கிராம சேவகர்). தலவாக்கலைப் பக்கம் நாலு டிவிஷன் என் பொறுப்பில் இருந்தன. சொந்த ஊர் ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். சாதாரண நாட்களில் நானுஓயாவில் ரயில் ஏறினால் அம்பேவெல, பட்டிப்பொல, ஒஹிய என்று பாதித் தூக்கத்திலேயே வீடு வந்துவிடும். பட்டிப்பொல, இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டி ஒஹியவுக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கம் வரும். அங்கேதான் மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்குகிறது. பல நாள் இந்தப் பக்கம் மூடுபனியும் அந்தப் பக்கம் சுள்ளென்று வெயிலுமாக இருக்கும். மாகாணம் மாறியதற்கு எங்களுக்கு அது ஒன்றுதான் அடையாளம். மற்றபடி எல்லை என்ற ஒன்று இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. தலவாக்கலையில் பெண் எடுத்தவர் பண்டாரவளையில் பெண் கொடுத்திருப்பார், மஸ்கெலியாவில் பிறந்தவள் பசறையில் பேர் போடுவாள் (பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை). சாவு வீடு என்றால் ஒரு வான் பிடித்து இருபது பேர் ஏறிவிடுவார்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் ஊரடங்கு போட்டபோது, திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். முழுதாக எடுக்க ஜூன் முடிந்தது. அந்த முதல் சுற்றில் என் வேலையில் பெரும்பகுதி அரசாங்கம் உதவியாகக் கொடுத்த 5,000 ரூபாய் கொடுப்பனவுப் பட்டியல். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது, விட்டுவிடுகிறேன்.

அந்த வருஷத் தீபாவளியை மட்டும் விட முடியாது. மினுவாங்கொடை, பேலியகொடை மீன் சந்தை என்று ஒக்டோபரில் கொரோனாக் கொத்தணிகள் கிளம்பி, மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று உத்தரவு வந்தது. நவம்பர் 15 வரைக்கும். தீபாவளி 14ஆம் திகதி. ஒரே ஒரு நாள் வித்தியாசம்! கொழும்பில் கடை, ஹோட்டல், வீட்டு வேலை என்று இருக்கும் எங்கள் பிள்ளைகள் வருஷத்தில் ஒருமுறை கட்டாயம் ஊருக்கு வருவது தீபாவளிக்குத்தான். அப்பாவுக்கு வேட்டியும் தங்கச்சிக்குச் சட்டையுமாகப் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு எனக்கு போன் எடுத்தார்கள். "மிஸ், அங்கேருந்து ஒரு துண்டு எழுதி வட்ஸப்பில அனுப்புங்களேன்." கொழும்பிலிருந்து வெளியே வர தலவாக்கலை ஜீ.எஸ். எழுதி என்ன பிரயோசனம்? ஒருத்தன் மட்டும் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில், வெறும் கூடைகளுக்கு நடுவில் வந்து சேர்ந்துவிட்டான். மறுநாளே பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து அவன் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார், நானும் கூட நின்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா (வரிசை வீட்டில் ஒரு அறை), உள்ளே ஆறு பேர், பக்கத்துக் காம்பராவுக்கும் அதற்கும் ஒரே சுவர். அதில் யாரை யாரிடமிருந்து தனிமைப்படுத்துவது என்று பீ.எச்.ஐ.யிடம் கேட்டேன். "நோட்டீஸ் ஒட்டியாச்சு மிஸ்" என்றார் அவர். அவருக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

'துண்டு' என்று சொன்னேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகக் கொடுக்கும் சீட்டிலிருந்து கடைக் கணக்கு வரை தோட்டத்தில் எல்லாம் துண்டுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. கங்காணிக் காலத்தில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுதான் துண்டு. சீட்டு இல்லாவிட்டால் மலையை விட்டு மலை மாற வழியில்லை. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். சரியாக 100 வருஷம் கழித்து ஒரு தேயிலைத் தோட்டத்து மகள், அரசாங்க ரப்பர் முத்திரையோடு உட்கார்ந்து துண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மே 11ஆம் திகதி நள்ளிரவோடு மாகாணங்களுக்கு இடையில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை.

கடிதத்தைக் கொண்டுபோய் பொலிஸில் காட்ட வேண்டும். அனுமதி கொடுப்பது அவர்கள்தான், நான் எழுதுவது வெறும் உறுதிப்படுத்தல். ஆனால் ஆட்கள் என்னைத்தான் பார்ப்பார்கள், என் பேனா கதவைத் திறக்கும் சாவி என்பதுபோல. எழுதியது சிங்களத்தில். தமிழில் எழுதிக் கொடுத்தால் தடுப்பில் நிற்பவருக்கு வாசிக்கத் தெரியாது. யார் போகிறார், எங்கே போகிறார், இறந்தவர் இவருக்கு என்ன முறை, இவ்வளவுதான் விஷயம்.

இந்த 'என்ன முறை'யில்தான் வினை.

நெருங்கிய உறவு என்றால்தான் விடுவார்கள் என்று பேச்சு. தாய், தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்தவர், புருஷன், பெண்டாட்டி. அதற்கு மேல் போனால் அதிகாரியின் மனசு. ஒரு நாள் காலையில் ஒருவர் வந்தார், வெலிமடைப் பக்கம் அவருடைய அத்தை இறந்துவிட்டார். அத்தைக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன் மகனான இவர்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். "கோடி விழாம பொணத்தை எடுக்க மாட்டாங்க மிஸ்" என்றார், புதுச்சேலையை ஷொப்பிங் பையில் வைத்துக்கொண்டு. கோடி என்றால் என்ன என்பதைச் சிங்களத்தில் நான்கு வரி எழுதினேன். என் சேவைக்காலத்தில் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன். பொலிஸில் வேலை செய்யவில்லை. சேலை அன்றைக்கு ஹக்கலையைக்கூடத் தாண்டவில்லை.

இன்னொருவருக்குப் பெரியப்பா தவறிவிட்டார். நான் அரை மணி நேரம் யோசித்தேன். 'தகப்பன்' என்று எழுதினால் பொய், 'மாமா முறை' என்கிற மாதிரிப் பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். கடைசியில் உள்ளதை உள்ளபடி 'லொகு தாத்தா' என்று எழுதினேன். சிங்களத்தில் பெரியப்பா அப்படித்தான், தாத்தா என்றால் அப்பா, லொகு என்றால் பெரிய. எல்லையில் நின்ற சார்ஜன் அதை வாசித்துவிட்டு, "லொகு தாத்தாவும் தாத்தாதானே, போ" என்று விட்டுவிட்டாராம். சித்தப்பாவுக்கும் அவர்களிடம் தனிச்சொல் உண்டு, பாப்பா. அப்பாவின் அண்ணனையும் தம்பியையும் அப்பா வரிசையில் வைப்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லை. இது முப்பது வருஷமாகச் சிங்களம் பேசும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே சொல் இன்னொரு பையனைக் காலை வாரிவிட்டது. இறந்தது அம்மாவின் அப்பா. நான் 'சீயா' என்று சரியாக எழுதியிருந்தேன். தடுப்பில், யார் செத்தது என்று கேட்டிருக்கிறார்கள். இவன் பதற்றத்தில் தமிழிலேயே "தாத்தா" என்றிருக்கிறான். கடிதத்தில் பாட்டனார், வாயில் அப்பா! பொய்க் கடிதம் என்று ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு போன் எடுத்தார்கள். எங்கள் தாத்தா உங்கள் சீயா, உங்கள் தாத்தா எங்கள் அப்பா என்று நான் விளக்க, அந்தப் பக்கத்தில் ஒரே சிரிப்பு. பையன் போய்ச் சேரும்போது மண் போட்டு முடிந்திருந்தது.

இவ்வளவு நடக்கும்போதும் கொழுந்து எடுப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது), மலை, மடுவத்தில் கொழுந்து நிறுவை எல்லாம் வழக்கம்போல. கொழும்புத் தேயிலை ஏலத்தை 2020 ஏப்ரலிலேயே கணினிக்கு மாற்றிவிட்டார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி மாகாணம் மாகாணமாகத் தாண்டிப் போகும், யாரும் அதனிடம் என்ன முறை என்று கேட்பதில்லை.

நான் திருப்பி அனுப்பியவர்களில் ஒரு பாட்டியை மறக்க முடியவில்லை. மகள் பசறையில் பிரசவித்து இருபது நாள். தாய், பிள்ளை இரண்டு பேரும் சுகம்.

"என்ன காரணம் போட பாட்டி?"

"பார்க்கணும்."

"யாருக்காவது சுகமில்லையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. பார்க்கணும் மிஸ், அவ்வளவுதான்."

சுகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பேன். பொய் என்று தெரிந்தாலும் எழுதியிருப்பேன், அப்படி எத்தனையோ எழுதினேன். இருபது நாள் குழந்தைக்கு வியாதி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பார்க்க வேண்டும் என்பதைக் காரணமாகப் போட முடியாது என்றேன். "அப்போ செத்தாத்தான் விடுவீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விபரம் கேட்பது போலக் கேட்டார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஜூன் நடுவில், நாடு முழுக்கக் கட்டுப்பாடு இருந்தபோதே, அம்மாவின் காலில் புண் என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அம்மாவிடம் கேட்டால், "ஒண்ணுமில்ல, செருப்புக் கடிச்சது." எனக்கு நானே கடிதம் எழுத முடியாது. பக்கத்துப் பிரிவு ஜீ.எஸ். எழுதித் தருகிறேன் என்றார், நல்ல மனிதர். "என்ன காரணம் போடட்டும்?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கடிதம் இல்லாமல், கடமை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில். தலவாக்கலையில் விடாத மழை. ஹக்கலை தாண்டி மாகாண எல்லைத் தடுப்பில் ஒரு இளம் பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு "டியூட்டியா?" என்றார். தலையை ஆட்டினேன். வாயால் சொல்லாததால் அது பொய்யில் சேராது என்று வெலிமடை வரைக்கும் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். அதற்குள் மழை நின்று காற்று பிடித்துக்கொண்டது.

அம்மா வீட்டுக்குள் விடவில்லை. லயத்து வாசலில் என்னைக் கண்டதும், "அங்கேயே நில்லு" என்றார். "வெளி மாகாணத்திலேருந்து ஆள் வந்திருக்குன்னு யாராவது சொன்னா இந்த லயம் முழுக்க நோட்டீஸ் ஒட்டிருவாங்க. எல்லாருக்கும் பேர் போயிரும். ஒனக்குத் தெரியாததா?" எனக்குத் தெரியாததா! நானே எத்தனை கதவுக்கு முன்னால் நின்றவள். பீலிக்கரைக் கல்லில் நான் உட்கார, தண்ணீர் விழும் இடத்துக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். அந்தத் தூரத்தில் புண் பெரிதா சிறிதா என்று எப்படித் தெரியும்? மருந்துப் பையைக் கல்லில் வைத்துவிட்டு நான் தள்ளிப் போக, அம்மா வந்து எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துவிட்டுத் தள்ளிப் போனார். காற்றிலும் தண்ணீர்ச் சத்தத்திலும் பாதிப் பேச்சு கேட்கவில்லை. "துண்டு எங்க வாங்கின?" என்று கேட்டது மட்டும் நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை 5,000 ரூபாய்க் கொடுப்பனவுக்குக் கையெழுத்து வாங்கும் நாள். பசறைப் பாட்டியும் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஹப்புத்தளையில மழையா மிஸ்?"

தோட்டத்தில் எதுவும் மறையாது. ஸ்கூட்டி போனதையும் வந்ததையும் யாரோ பார்த்திருப்பார்கள்.

"மழையில்ல பாட்டி. காத்துதான்."

தலையை ஆட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாகத் தன் பெயரை எழுதினார். "அப்போ பசறையிலயும் வெயிலாத்தான் இருக்கும். புள்ளைக்குத் துணி காயும்" என்று சொல்லிவிட்டுக் காசை எண்ணத் தொடங்கினார்.