கொழும்பு நேரம், வன்னி நேரம்

2025 மார்ச் 4
குளங்களின் பழைய நீர்மட்டப் பதிவுகளை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒழுங்குபடுத்தும் வேலை. நேரத்துக்கான நிரல் (அட்டவணையின் நெடுவரிசை) வெறும் டைம்ஸ்டாம்ப், அதாவது தேதியும் மணியும் மட்டும்; நேரவலயம் கிடையாது. ‘1997-02-10 09:00’ என்றால் எந்த ஊர் ஒன்பது மணி? நிரலின் வகையை மட்டும் மாற்றினால் போஸ்ட்கிரெஸ் நம்மைக் கேட்காது. செஷனின், அதாவது அப்போதைய இணைப்பின், டைம்ஸோன் எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும். நம் சர்வர் ஓடுவது யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில். மாற்றும் கட்டளையிலேயே ‘அட் டைம் ஸோன்’ என்று வலயத்தைக் கொடுத்தாக வேண்டும்.

மார்ச் 5
எல்லாவற்றுக்கும் +5:30 (யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே) போடலாம் என்றார்கள். கூடவே கூடாது. 1996இல் மின்சார நெருக்கடி வந்தபோது, மே 25 அன்று இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே போயின: +6:30. அக்டோபர் 26இல் +6. மறுபடி +5:30 ஆனது 2006 ஏப்ரல் 15இல்தான். ஆக, அந்த ஒன்பது மணி யூடிசியில் 3:00, 3:30 அல்ல. ‘ஏசியா/கொலம்போ’ என்று வலயத்தின் பெயரைக் கொடுத்தால் இந்த வரலாறு முழுவதும் கூடவே வரும்.

மார்ச் 7
கடிகாரம் அரை மணி நேரம் பின்னே போனதால், 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு 12:00 முதல் 12:30 வரை இரண்டு முறை வந்தது. வரிசை எண் இருக்கும் பதிவுகளைப் பிரித்துவிடலாம். மற்றவற்றுக்கு ‘ஐயம்’ என்று தனி நிரல் வைத்தேன். ஊகித்து நிரப்ப மனம் வரவில்லை.

மார்ச் 8
இன்று முழுக்க வன்னிதான். 1996 மாற்றத்தைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்களது கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய +5:30 தொடர்ந்தது. அங்கே எழுதப்பட்ட பதிவுக்கு ‘ஏசியா/கொலம்போ’ பொருந்தாது. கிளிநொச்சி போலக் கைமாறிய ஊர்களில் ஒரே குளத்துக்கு இரண்டு நேரமும் இருந்திருக்கலாம். அதனால் நிலையங்களுக்குத் தனி அட்டவணை: வலயம், எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை. அந்த மக்கள் எந்த மணியைப் பார்த்து மதகைத் திறந்தார்களோ, அந்த மணியைத்தான் நாம் யூடிசியாக்க வேண்டும்.

மார்ச் 10
அப்புறம் இரண்டு பொறிகள். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு அமைப்பில் ‘ஐஎஸ்டி’ என்பது நாம் நினைக்கும் இந்திய நேரம் அல்ல, இஸ்ரேல் நேரம், +2. ‘யூடிசி+5:30’ என்று வலயப் பெயராகக் கொடுத்தாலோ, அங்கே கூட்டல் குறி மேற்கைக் குறிப்பதால், அது கிரீனிச்சுக்கு மேற்கே போய்விடும்! சுருக்கப் பெயர்களை எல்லாம் நீக்கினேன்.

வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப்பும் யூடிசி கணத்தை மட்டுமே வைத்திருக்கும், வலயத்தை அல்ல. எனவே பேரேட்டில் இருந்த நேரத்தை எழுத்து மாறாமல் பக்கத்து நிரலில் சேர்த்துவிட்டேன். நாளை கிளிநொச்சித் தேதிகளைச் சரிபார்க்க வேண்டும்.