சொப்பிங் பேக்கில் போட வேண்டாம்

பாலியல் வல்லுறவுக்கு உள்ளான பெண்ணின் உடுப்பை முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் அக்கா. ஒன்றில் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு அலசிவிடுவார்கள். இல்லையென்றால் சொப்பிங் பேக்கில் திணித்து, முடிச்சுப் போட்டு, அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார்கள். அலசினால் தடயம் போய்விடலாம் என்று இப்போது பலருக்கும் தெரியும். முடிச்சுப் போட்டாலும் போய்விடலாம் என்பது தெரியாது. நம் ஊர் வெக்கையில் ஈரத்துணி பொலித்தீனுக்குள் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணமும் பக்டீரியாவும் டீஎன்ஏயைச் சிதைத்துவிடும்.

ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனியாக எடுங்கள். உதற வேண்டாம். ஈரமென்றால் வெயில் படாத இடத்தில் காய விட்டு, சுத்தமான தாள் பையில் தனித்தனியே வையுங்கள். உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் அருவருப்பாகத் தெரியலாம், ஆனால் அவைதான் முதலில் வேண்டும். துணியில் ஒட்டிய கடற்கரை மணலும் வயல் சேறும்கூட நடந்த இடத்தைச் சொல்லக்கூடும். குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். "குளிச்சிட்டாளே, இனி என்ன" என்று வீட்டோடு இருந்துவிடுவதால் கைவிட்டுப் போகிற வழக்குகள் உண்டு. பெண்ணுறுப்பிலிருந்து எடுக்கும் மாதிரியில் மூன்று நாள் கழித்தும், சில வேளை அதற்குப் பிறகும், தடயம் கிடைக்கலாம். வாயில் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. குடிக்கத் தந்ததில் எதையாவது கலந்திருப்பார்கள் என்று சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரை வீணாக்காமல் சுத்தமான போத்தலில் பிடித்து எடுத்துப் போங்கள்.

1997 மே மாதம் அம்பாறை மாவட்டம் மத்திய முகாம் என்ற ஊரில் ஒரு தாய் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார். பிறகு உடலில் கைக்குண்டு வைத்து வெடிக்க வைத்துக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டது பொலிஸார் மீது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தடயம் எவ்வளவு பெறுமதியானது என்று செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம் வீடுகளுக்குத்தான் அது தெரியாமல் இருக்கிறது.

முதலில் பொலிஸா, ஆஸ்பத்திரியா? உடம்பு முந்த வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரி என்பேன். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, இவற்றில் எது கிட்டவோ அங்கே போங்கள். பொலிஸ் துண்டு இல்லாமலும் சேர்க்கலாம். ஆஸ்பத்திரி பொலிஸுக்கு அறிவிக்கும். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்று 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள். இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு.

அங்கே வாய் திறந்து கேட்க வேண்டியவை இருக்கின்றன. கருத்தடைக்கான அவசர மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், முதல் நாளே போட்டால் நல்ல பலன். போஸ்டினோர் என்ற பெயரில் பாமசியிலும் கிடைக்கும். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடம் உண்டு, வல்லுறவால் வந்த கருவுக்கும் விதிவிலக்கு இல்லை. ஆகவே அந்த மாத்திரையைத் தவறவிட்டுக் கரு தங்கிவிட்டால் அதைக் கலைக்கச் சட்டப்படி வழி கிடையாது. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டியது. குமட்டலுக்குப் பயந்து பாதியில் விடுபவர்கள் அதிகம். விடாமல், டொக்டரிடம் சொல்லி அதற்கும் மருந்து கேளுங்கள். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியையும் கேளுங்கள்.

சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் நடக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எந்தக் கட்டத்திலும் "இது வேண்டாம்" என்று சொல்லலாம். கன்னிச்சவ்வைப் பார்த்தோ, இரண்டு விரலை விட்டுப் பார்த்தோ "பழக்கப்பட்டவள்" என்று எழுதுவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதை ஒழிக்கவே சொன்னது. ஆனாலும் அந்தச் சொல் அறிக்கையிலிருந்து நழுவி ஊர் வாய்க்கு வந்துவிடுகிறது. வந்த பிறகு யார் குற்றவாளி என்ற கேள்வியே மாறிப்போகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது: உடம்பில் காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று நிரூபிக்க முடியும் என்றில்லை. அச்சுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. 16 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 364ஆம் பிரிவில் தண்டனை 7 முதல் 20 வருடம் வரை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றாலோ, கூட்டாகச் செய்தது என்றாலோ ஆகக் குறைந்தது 10 வருடம். ஆண்பிள்ளைகளுக்கு நடந்தால் 365பி பிரிவு.

அந்த 363ஆம் பிரிவுக்குள் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவள் மனைவியென்றால், அவள் 12 வயதைத் தாண்டியிருந்தால், அது வல்லுறவாகாது. பொதுத் திருமண வயது 18 ஆன பிறகு இந்த விலக்கு முக்கியமாக வந்து விழுவது முஸ்லிம் பிள்ளைகளின் தலையில்தான், ஏனென்றால் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் ஆகக் குறைந்த வயதை வைக்கவில்லை. இது மார்க்கத்துக்கு எதிரான பேச்சு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இதை மாற்றச் சொல்லி வருடக்கணக்காகப் போராடுகிறவர்களில் முன்னுக்கு நிற்பது முஸ்லிம் பெண்கள்தான். வளர்ந்த மனைவியின் நிலையும் பெரிதாக வேறில்லை, நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தால்தான் கணவன் மேல் வல்லுறவு வழக்கு வரும்.

பொலிஸில் வழுக்கும் இடம் வாக்குமூலத்தின் கடைசி வரி. "வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக்கொள்கிறேன்" என்று அதில் இருக்கும். சொன்னது தமிழில், எழுதியது சிங்களத்தில் என்றால் கையெழுத்து வைக்க வேண்டாம். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதச் சொல்வது உரிமை. அழுதுகொண்டு சொல்லும்போது நேரமும் நாளும் முன்பின்னாக வருவது இயல்பு. "ஞாபகம் இல்லை" என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். உத்தியோகத்தர் ஊகித்துப் போட்ட "மாலை 6 மணி" பல வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வரும்போது பொய் சொன்னது அந்தப் பெண் என்றாகிவிடும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். பெண் உத்தியோகத்தர் வேண்டுமென்று கேளுங்கள். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் 109 அல்லது 1938க்கு அழையுங்கள், பிள்ளைகளுக்கு 1929.

அடுத்த இரண்டு மூன்று நாளில் "சமாதானம்" பேச ஆட்கள் வருவார்கள். கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், பெடியனின் மாமா, சில இடங்களில் பொலிஸே. கலியாணம் கட்டி வைப்போம் என்பார்கள், ஒரு தொகை தருவோம் என்பார்கள். வல்லுறவு இணக்கத்தில் முடிக்கக்கூடிய குற்றம் இல்லை, மத்தியஸ்த சபைக்கும் அதில் வேலை இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். அதே நாட்களில் முகநூல் பக்கங்களும் வேலையைக் காட்டும். பெயரைப் போடாமல், ஊர், வயது, பாடசாலை, தகப்பனின் தொழில் என்று நாலையும் எழுதினால் எங்கள் ஊர்களில் யாருக்குத் தெரியாது? ஆளை அடையாளம் காட்டுவது 365சி பிரிவின் கீழ் குற்றம். பதிவை அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

"அவள் எப்படிப்பட்டவள்?" என்ற கேள்வி எல்லா வாசலிலும் நிற்கிறது. அந்தக் கேள்வி முழு பலத்தோடு விழுவது பாலியல் தொழில் செய்யும் பெண்கள் மீது. 363ஆம் பிரிவு அவர்களை விலக்கவில்லை. ஒரு தடவைக்கு, ஒருவனுக்கு, ஒன்றுக்குச் சம்மதித்தால் அது அதற்கு மட்டுமான சம்மதம். ஆனால் அவர் பொலிஸ் வாசலை மிதித்தால் 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது. விற்பது தனியே குற்றமில்லை. பொது இடத்தில் அழைப்பதும், 1889ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொழில் விடுதி நடத்துவதும்தான் குற்றம். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நின்றாள், பையில் ஆணுறை இருந்தது என்பதே போதுமானதாகிவிடுகிறது. இப்படி ஆணுறையைச் சான்றாக்கினால் ஆணுறை கொண்டு போவதையே விட்டுவிடுவார்கள்.

1999இல் சுவீடன் வாங்குபவனைக் குற்றவாளியாக்கியது. 2003இல் நியூசிலாந்து தொழிலையே குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. பெண்ணுரிமை பேசுபவர்களே இதில் இரண்டாக நிற்கிறார்கள். கடனும் கைவிடப்பட்ட குடும்பமும் தள்ளிவிட்ட ஒன்றைச் சுதந்திரம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும், விற்கும் பெண்ணைப் பிடித்து அடைப்பதை இரண்டு பக்கத்தாரும் ஏற்பதில்லை. அந்த 1841ஐ எடுத்துவிடக் கேட்பதற்கு மற்ற விவாதம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை, அப்படியொரு பெண் உங்களிடம் வந்தால் தொழில் என்ன என்று கேட்க வேண்டாம். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேளுங்கள். மாத்திரைக்கும் மருந்துக்கும் அந்த மணி மட்டும்தான் தேவை.