வசனம் மட்டும் வரவில்லை

ஜூலை 12, சனி

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்திருக்கிறார்கள், அதனால் முகம் எப்போதும் கீழே பார்த்திருக்க வேண்டும். சாப்பாடும் குப்புறப் படுத்தபடியேதான். நெற்றிக்கு ஒரு தலையணை, மார்புக்கு ஒன்று, நடுவில் மூக்குக்கு இடம். பாத்ரூமுக்குப் போகும்போதும் தலையை நிமிர்த்தக் கூடாது.

டிவி மாட்டிக் கொடுத்த பையன் அப்பாவின் ஆம்ப்போடும், அதாவது ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியோடும், சேர்த்து இணைத்துவிட்டுப் போயிருக்கிறான். சத்தம் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. "சத்தம் வருது, பேச்சு வரல" என்றாள் அம்மா. ரிமோட்டில் ஏற்ற ஏற்ற உறுமல்தான் கூடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆம்ப்பை முன்னால் இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயர் 'ஃபோனோ'வில் செருகியிருக்கிறது. அது இசைத்தட்டுக்கான இடம். தட்டில் பதியும்போது அடித்தொனியைக் குறைத்து, கூர்மையான ஒலியைக் கூட்டிப் பதிவார்கள். ஃபோனோ அதைத் திருப்பிப் போடும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த கணக்கு அது: 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கம். ஊசி தரும் மிக மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்குவதும் அங்கேதான். ஏற்கெனவே சீராக, பலமாக வரும் டிவி ஒலி அதற்குள் போனால் தடித்து உடையாமல் என்ன செய்யும்? ச, த, ப எல்லாம் தேய்ந்துபோய் வெறும் ஆ, ஓ மிஞ்சுகிறது. படம் பார்க்கிறவர்கள் உதட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்வார்கள். தரையைப் பார்த்துக் கிடப்பவளுக்கு அந்த ச-வும் த-வும்தான் முழுக் கதையும்.

பக்கத்துத் துளைக்கு மேல் ஒரு பழுப்பேறிய பிளாஸ்திரி. 'டேப்' என்று அப்பாவின் கையெழுத்து. அங்கே ஒலியை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். அதில் மாற்றிச் செருகினேன்.

இரவு. உறுமல் போய்விட்டது. பின்னணி இசை அழகாக வருகிறது, மழைச் சத்தம் வருகிறது, மனிதக் குரல் மட்டும் இல்லை. எங்கோ கிணற்றடியில் யாரோ முணுமுணுப்பதுபோல ஒரு எதிரொலி, அவ்வளவுதான்.

"எல்லாரும் எங்கடி போயிட்டாங்க?"

ஜூலை 14, திங்கள்

அம்மா இன்று யாரோடும் பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தம்பி டெல்லியிலிருந்து கூப்பிட்டான். அம்மா கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டுமாம், ஃப்ளைட் டிக்கெட் போடுகிறானாம். கண்ணுக்குள் வாயு இருக்கிறவரை விமானம் கூடவே கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், குமிழ் விரியும், கண்ணில் அழுத்தம் ஏறினால் பார்வையே போய்விடலாம். டிஸ்சார்ஜ் காகிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அவனுக்கு ஃபோட்டோவும் அனுப்பியிருக்கிறேன். "அப்போ ட்ரெயின்?" என்கிறான். டெல்லி வரைக்கும் குனிந்தேவா?

கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டேன். அவனும் தூங்குவதில்லை போல.

இசை வருகிறது, குரல் வரவில்லை. ஏன்?

ஜூலை 16, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

அம்மாவின் ஒரு காது எப்போதும் தலையணையில் அழுந்தியிருக்கிறதே, இரண்டு பக்க ஒலியும் ஒன்றாக வரட்டும் என்று ஆம்ப்பின் 'மோனோ' பொத்தானை அழுத்தினேன். மொத்தச் சத்தமும் நின்றுவிட்டது. விட்டால் இசை. அழுத்தினால் மௌனம். சேர்த்தால் பூஜ்யம் வருகிறது என்றால், இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலிதான், நேரெதிராக.

டிவியின் ஹெட்ஃபோன் துளையில் இருந்த பின்னைக் கழற்றிப் பார்த்தேன். அதில் மூன்று வளையம்: நுனி இடது, நடு வலது, அடி இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பும் வழியான கிரவுண்ட். அந்தப் பொது ஒயர் கழுத்தருகே அறுந்திருந்தது. ரப்பர் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு நூல்கள் பச்சை பிடித்துத் துண்டாகிக் கிடந்தன. கிரவுண்ட் போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஆம்ப்புக்குப் போய்ச் சேரும். வசனத்தை நட்டநடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் ஒலி சேர்ப்பார்கள். சமமாக இருப்பது கழிந்துபோய்விடுகிறது. எதிரொலியும் இசையும் தப்பிக்கின்றன.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பா இருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பார்" என்றாள். ஆமாம், சொல்லியிருப்பார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. புது ஒயர் போட்டேன். குரல் வந்துவிட்டது. அம்மா அரை மணி நேரம் கேட்டாள்.

ஆனால் கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். டிவி ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறவில்லை. இது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ் ஒயரைக் கழற்றினேன், இரைச்சல் நின்றது. மாடியில் டிஷ் கம்பி ஒரு பக்கம் எர்த்தில் சேர்கிறது, ஆம்ப்பின் மூன்று பின் பிளக் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற மின்னோட்டம்தான் ஸ்பீக்கரில் கேட்கிறது.

எலக்ட்ரீஷியன், "எர்த் பின்னை உடைச்சு விட்டுடலாம்க்கா" என்றார். அம்மா கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இரும்புப் பெட்டி. ஷாக் அடிக்காமல் காப்பதே அந்தப் பின்தான். முடியாது என்றேன்.

குனிந்தால் கறுப்பு விளிம்போடு வட்டமாக ஒரு குமிழ் தெரிகிறதாம். நேற்றைவிடச் சின்னதா என்று கேட்டேன். தெரியவில்லை என்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் டிஷ் ஒயருக்கு நடுவே போட, செம்புத் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் எடுத்துக் கொடுத்தார். கேபிள் டிவி என்றால் சரி. டிஷ்ஷுக்கு அதே ஒயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் மேலே போக வேண்டும். அதைத் தடுத்தால் படமே வராது. வேண்டாம் என்று டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே போட ஆப்டிகல் ஒயரும், அதில் வருவதை ஆம்ப்புக்கு ஏற்ற ஒலி சிக்னலாக மாற்றித் தரும் சின்ன டாக் பெட்டியும் வாங்கினேன். வெளிச்சம்தான் போகிறது, செம்புத் தொடர்பே இல்லை. இரைச்சல் வர வழியில்லை.

வீட்டில் மாட்டினால் சில சேனலில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. அவை ஒலியைச் சுருக்கி அனுப்பும் டால்பி முறையில் வருகின்றன, இந்தப் பெட்டிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் ஒலி அமைப்பில் 'ஆட்டோ'வை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று மாற்றியதும் எல்லாம் வந்தது.

மோனோவை அழுத்தினேன். இந்த முறை குரல் நின்றுபோகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலில் கூழ். ஒலிபெருக்கி நாள் முழுக்க. டிவியே போடவில்லை.

ஜூலை 21, திங்கள்

அம்மா சீரியல் கேட்டாள். நடுவில், "அந்த மாமியார் அழல, நடிக்கிறா, மூச்சு மாறவே இல்ல பாரு" என்றாள். மூச்சு கேட்கிறது அவளுக்கு!

நாளைக்கு ஆஸ்பத்திரி. ஆட்டோவில் நெற்றிக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை எடுத்து வைக்க வேண்டும், சொட்டு மருந்து, பழைய ரிப்போர்ட். இடது ஸ்பீக்கர் ஒயர் முனையில் ஆடுகிறது, வந்து முறுக்கிக்கொள்ளலாம்.