குடலுக்கு ஹிப்னோதெரபி எடுத்துக்கொண்ட அனுபவம்

எரிச்சல் குடல் நோய், அதாவது ஐபிஎஸ், உள்ளவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். கொலோனோஸ்கோபி நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தத்திலும் ஒன்றுமில்லை. ஆனால் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்றைக் கலக்கும். மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்டது. பாலையும் கோதுமையையும் வெங்காயத்தையும் குறைத்ததில் இன்னும் கொஞ்சம் கேட்டது. மீதி அப்படியே நின்றது. அந்தக் கட்டத்தில்தான் என் குடல் மருத்துவர் ஹிப்னோதெரபி பற்றி, அதாவது கவனத்தை ஓரிடத்தில் குவிக்கவைக்கும் ஹிப்னாசிஸ் நிலையில் தரும் சிகிச்சை பற்றிச் சொல்லி, சென்னையில் தனக்குத் தெரிந்த மருத்துவ உளவியலாளர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார்.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மா போனில் கேட்டதும் பயந்துவிட்டார். "வசியம் கிசியம்னு எங்கயாவது போய் மாட்டிக்கிடாதய்யா. மயங்கிக் கெடக்கும்போது என்ன செஞ்சாலும் ஒனக்குத் தெரியவா போகுது?" இந்தப் பயம் அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. நினைவு தப்பிப்போகும் என்று நினைத்தே பலர் இந்தச் சிகிச்சையை ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தில் நடந்தது அதற்கு நேர்மாறானது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் முழுவதும் உளவியலாளரின் கேள்விகள்தான். வலி எங்கே தொடங்குகிறது, அதற்கு முன் மனதில் என்ன ஓடுகிறது, புது இடத்துக்குப் போனால் முதலில் எதைத் தேடுவேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் தேடுவேன் என்றேன். "அப்படின்னா உங்க கவனத்துல பாதி எப்பவும் வயித்துலயே உட்கார்ந்திருக்கு சார்" என்றார். பிறகு விளக்கினார். குடலில் சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்க்கும் சோதனையில், மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே ஐபிஎஸ் உள்ள பலருக்கு வலித்துவிடும். குடல் அனுப்பும் சாதாரணச் செய்தியைக்கூட மூளை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. கவனம் அங்கேயே குத்திட்டு நிற்க நிற்க வலி கூடுகிறது. வலி உண்மையானதுதான், அதை நான் கற்பனை செய்யவில்லை என்று அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரை "எல்லாம் டென்ஷன்தான்" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்தேன்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடி, இடது கையில் கனமான பொருள் ஒன்று தொங்குவதாக நினைக்கச் சொன்னார். கண் திறந்தபோது இடது கை நன்றாகவே தாழ்ந்திருந்தது. நானாக இறக்கவில்லை, ஆனால் இறங்குவது தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஹிப்னாசிஸுக்கு இசையும் தன்மை ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டான்ஃபோர்டில் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் 1959-ல் இதற்கென அளவுகோலே வகுத்திருக்கிறார்கள். ஒருவருடைய அளவு பல ஆண்டுகளானாலும் பெரிதாக மாறுவதில்லையாம். நான் நடுத்தரம் என்றார். அது போதும் என்றும் சொன்னார்.

அடுத்த முறை சிகிச்சை தொடங்கியது. சாய்வு நாற்காலி. தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்தி, சுவரில் மேலே ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். இமை கனத்துத் தானாக மூடும். 1840-களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு முன்பு மெஸ்மர் என்ற மருத்துவர் சொன்ன காந்த சக்தி எதுவும் இதில் இல்லை, ஒரே இடத்தில் கவனம் குவிவதால்தான் இந்நிலை வருகிறது என்று வாதிட்டவர் அவர். குடல் நோய்க்கு ஹிப்னோதெரபியை முறையாகச் சோதித்துப் பார்த்ததும் அதே மான்செஸ்டரில்தான். பீட்டர் வோர்வெல்லின் குழு 30 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1984-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

கண் மூடியதும் பத்திலிருந்து கீழே எண்ணினார். தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்டது, பக்கத்து அறையில் யாருடைய போனோ அடித்தது. எல்லாம் காதில் விழுந்தன. ஆனால் 'யார் அது, எப்போது நிறுத்துவார்கள்' என்று மனம் கிளம்பவில்லை. எழுந்து போக வேண்டும் என்றால் போயிருக்கலாம், தோன்றவில்லை. வலது கையை வயிற்றில் வைத்து, உள்ளங்கைச் சூடு தோலைத் தாண்டி உள்ளே இறங்குவதாக நினைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உண்மையிலேயே வெதுவெதுப்பு பரவியது.

அந்த 'கேட்கிறது, ஆனால் இழுக்கவில்லை' என்ற நிலை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. டேவிட் ஸ்பீகல் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் செய்து 2016-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வைப் பற்றி உளவியலாளர் சொன்னார். 545 பேரைச் சோதித்து, எளிதில் ஹிப்னாசிஸுக்கு ஆட்படுபவர்களும் சுத்தமாக ஆட்படாதவர்களுமாக 57 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எளிதில் ஆட்படுபவர்களிடம் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. எதைக் கவனிக்கலாம் என்று ஓயாமல் நோட்டம் விடும் முன் சிங்குலேட் பகுதியின் மேற்புறம் அடங்கியது. திட்டமிடும் முன்மூளைக்கும், உடலின் உள்நிலையை உணரும் இன்சுலாவுக்கும் இடையே தொடர்பு கூடியது. அதே முன்மூளைக்கும், நம்மைப் பற்றியே அசைபோடும் வலையமைப்புக்கும் இடையே தொடர்பு குறைந்தது. விழிப்பு எங்கும் போகவில்லை, கவனம் பங்கிடப்படும் விதம்தான் மாறியிருக்கிறது.

வலியைப் பற்றிய இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடித்தது. பியர் ரேன்வில் குழு 1997-ல் வெளியிட்டது. 47 டிகிரி வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி, ஹிப்னாசிஸ் நிலையில் வலி தரும் அவதியை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தொடுவுணர்வுப் பகுதியில் மாற்றமில்லை, முன் சிங்குலேட்டின் இயக்கம் மட்டும் அவதிக்கேற்ப ஏறி இறங்கியது. சூடு எவ்வளவு என்பதும் அது எவ்வளவு வாட்டுகிறது என்பதும் மூளையில் வேறு வேறு கணக்குகள். என் வயிறு எனக்குப் புரிந்தது இதைக் கேட்டபோதுதான்.

சில வாரங்கள் போனதும் ஆறு வந்தது. குடலின் ஓட்டத்தை ஆறாகப் பார்ப்பது இந்தச் சிகிச்சையில் வழக்கமாம். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆறு எது?" என்றார். எனக்குத் தாமிரபரணியைத் தவிர வேறெது? பாபநாசத்தில் பாறைகளுக்கிடையே அது பாயும் வேகத்தை முதலில் பார்க்கச் சொன்னார். பிறகு அதே தண்ணீரைக் குறுக்குத்துறை வரை கூட்டிவந்து, அங்கே அகன்று மெதுவாகப் போவதைப் பார்க்கச் சொன்னார். வேகத்தைக் குறைப்பது நான்தான், அவர் இல்லை. தினமும் வீட்டில் கேட்கப் பதிவும் கொடுத்தார். அதைக் கேட்காத வாரங்களில் வித்தியாசம் தெரிந்தது.

பலன் மெதுவாகத்தான் வந்தது. முதலில் வலி குறையவில்லை, வலியைப் பற்றிய பதற்றம் குறைந்தது. பிறகு காலைக் கலக்கல் அடங்கியது. வாயுத் தொல்லை இன்னும் இருக்கிறது, அதில் பெரிய மாற்றமில்லை. எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. மான்செஸ்டர் குழு 2003-ல் வெளியிட்ட கணக்கில், 204 பேரில் 71 சதவீதத்தினருக்குத்தான் பலன் கிடைத்தது. ஆனால் அவர்களில் 81 சதவீதத்தினருக்கு அது ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை கடந்தும் நிலைத்திருந்தது.

போக நினைப்பவர்கள் முதலில் குடல் மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு இருந்தால் பரிசோதனை முடியாமல் இதில் இறங்க வேண்டாம். மனச்சிதைவு போன்ற நோய் முன்பு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தருபவர் மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று நேராகவே கேளுங்கள். குடல் நோய்க்காக இதைச் செய்து பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.